வலிக்காத ரணம்

சர்க்கரை நோயாளி இருக்கும் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. காய்ச்சல் வந்தால் சுகர் ஏறும். இரண்டு நாளாகக் கஞ்சியைத் தவிர வேறெதுவும் உள்ளே போயிருக்காது. மாத்திரையும் தவறியிருக்காது. ஆனாலும் விரல் நுனியில் குத்திப் பார்த்தால் 240 காட்டும். காலில் ஒரு சின்னக் கொப்புளம் சீழ் பிடித்தாலும் இதே கதைதான். புண் ஆறத் தொடங்கியதும் சர்க்கரையும் இறங்கிவிடும். சாப்பிடாத சர்க்கரை எங்கிருந்து வந்தது?

இன்னொரு புதிரும் இருக்கிறது. ஒருவர் வேளை தவறாமல் மாத்திரை போடுகிறார், காலையில் நடக்கிறார், காபியில் சீனியை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. இருந்தும் அவருடைய மூன்று மாதச் சராசரி 8க்குக் கீழே இறங்க மறுக்கிறது. மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டுகிறார். வீட்டில் இருப்பவர்களோ அவர் யாருக்கும் தெரியாமல் இனிப்பு சாப்பிடுகிறார் என்று சந்தேகப்படுகிறார்கள். பாவம், அவர் சத்தியம் செய்தாலும் நம்ப ஆளில்லை.

சர்க்கரை இறங்காமல் போவதற்குக் காரணங்கள் பல. ஆனால் இப்படிப்பட்டவர்களில் கணிசமானோருக்கு இரண்டு புதிர்களுக்கும் ஒரே விடைதான். அவர்கள் உடம்பில் ஆறாத ரணம் ஒன்று இருக்கிறது. அது வலிப்பதில்லை, கண்ணுக்கும் தெரிவதில்லை. பற்களைச் சுற்றி ஈறுக்கு உள்புறமாக இருக்கிறது.

காய்ச்சலில் சர்க்கரை ஏறுவது ஏன்?

கிருமி உள்ளே நுழைந்துவிட்டது என்று தெரிந்ததும் உடல் ஒரு நெருக்கடி நிலையை அறிவிக்கிறது. கிருமியோடு மோதும் வெள்ளையணுக்களுக்கு அவசர எரிபொருளாகக் குளுக்கோஸ் வேண்டும். அட்ரினலின், கார்ட்டிசால், குளுக்ககான் போன்ற ஹார்மோன்கள் சுரந்து, கல்லீரலில் இருப்பில் உள்ள சர்க்கரையை ரத்தத்துக்குள் விடச் சொல்கின்றன. இருப்பு போதாவிட்டால் கல்லீரல் புதிதாகவே சர்க்கரையைத் தயாரிக்கிறது. சாப்பிடாதவர் ரத்தத்தில் ஏறும் சர்க்கரை பெரும்பாலும் அவர் கல்லீரல் அனுப்பியதுதான்.

கூடவே இன்னொன்றும் நடக்கிறது. போராடும் வெள்ளையணுக்கள் சில புரதங்களை ரத்தத்தில் கலக்கவிடுகின்றன. இவற்றை அழற்சித் தூதுகள் என்று அழைப்போம். அழற்சி என்றால் காயம் பட்ட இடம் சிவந்து, வீங்கி, சூடாகும் அந்த எதிர்வினை. இந்தத் தூதுகள் தசைக்கும் கொழுப்புத் திசுவுக்கும் போய், இன்சுலின் சொல்வதைக் கொஞ்ச நாளைக்குக் காதில் வாங்க வேண்டாம் என்கின்றன. தசை சர்க்கரையை இழுத்துக்கொள்ளாவிட்டால் அது ரத்தத்திலேயே நின்று போராட்டத்துக்கு உதவும் அல்லவா? ஆரோக்கியமான உடலுக்கு இது நல்ல ஏற்பாடு. கணையம் சற்றுக் கூடுதலாக இன்சுலின் சுரந்து ஈடுகட்டிவிடும். ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் கணையத்தால் அது முடியாது.

இது வெறும் ஊகம் இல்லை என்பதைப் பாஸ்டன் நகரத்து ஆய்வாளர்கள் கோகன் ஹோத்தமிஸ்லிகில், புரூஸ் ஸ்பீகல்மேன் ஆகியோர் 1993இல் எலிகளிடம் காட்டினார்கள். பருத்த எலிகளின் கொழுப்புத் திசுவில் டிஎன்எஃப் எனப்படும் அழற்சித் தூது அதிகமாக உற்பத்தியானது. அதைச் செயலிழக்கச் செய்தபோது அந்த எலிகளிடம் இன்சுலின் முன்பைவிட நன்றாக வேலை செய்தது. சர்க்கரை நோயைக் கணையத்தின் குறையாக மட்டும் பார்த்துவந்த பலரை அழற்சியின் பக்கம் திரும்ப வைத்த ஆய்வு அது.

காய்ச்சல் நாலு நாளில் விடும், கொப்புளம் பத்து நாளில் ஆறும். ஆனால் ஓர் அழற்சி பத்து வருஷம் விடாமல் கனன்றுகொண்டே இருந்தால் என்ன ஆகும்?

பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே

கண்ணாடி முன் நின்று உதட்டை விலக்கிப் பார்த்தால் ஈறு பல்லோடு ஒட்டியிருப்பதுபோலத் தெரியும். உண்மையில் அதன் விளிம்பு ஒட்டியில்லை. சட்டையின் காலர் கழுத்தைச் சுற்றி நிற்பதுபோல நிற்கிறது. இடையில் ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஓர் இடுக்கு உண்டு. அதற்குக் கீழேதான் நார்கள் பல்லின் வேரைத் தாடை எலும்போடு கட்டிவைத்திருக்கின்றன.

பல் துலக்கிய சில மணி நேரத்திலேயே பல்லின் மேல் பாக்டீரியாக்கள் குடியேறி, பிசுபிசுப்பான மெல்லிய படலமாகப் படியத் தொடங்கும். சரியாகத் துலக்காத பல்லில் நாக்கை ஓட்டினால் சொரசொரப்பாகத் தட்டுப்படுவது இதுதான். அப்படியே விட்டால் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து அதில் படிந்து காரையாக இறுகும். படலத்தைப் பிரஷ்ஷால் எடுத்துவிடலாம், காரையை எடுக்க முடியாது.

இந்தப் படலம்தான் ஈறு வீங்குவதற்குக் காரணம் என்பதை நேராக நிரூபித்தவர் நார்வேயைச் சேர்ந்த ஹரால்ட் லோ. டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் அவரும் சகாக்களும் 1965இல் வெளியிட்ட ஆய்வில், ஈறு நன்றாக இருந்த 12 பேர் பல் துலக்குவதை அடியோடு நிறுத்தினார்கள். பத்து நாள் முதல் மூன்று வாரத்துக்குள் 12 பேருக்கும் ஈறு வீங்கிவிட்டது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் சுமார் ஒரு வாரத்தில் சரியானது. கையில் ஒரு பிரஷ் இருந்தால் முற்றிலும் மீண்டு வரக்கூடிய கட்டம் இது. பல் தேய்த்துத் துப்பும்போது தண்ணீரில் கலந்து வரும் இளஞ்சிவப்பு நிறமே இதன் முதல் அறிகுறி. நம்மில் பலர் அதைப் பார்த்துவிட்டு, பிரஷ் முரடாக இருக்கிறது என்று பிரஷ்ஷை மாற்றிக்கொள்கிறோம்.

அடுத்த கட்டத்திலிருந்து முழுதாகத் திரும்பி வர முடியாது. படலம் இடுக்குக்குள் இறங்குகிறது. அதை விரட்ட வரும் வெள்ளையணுக்கள் கக்கும் நொதிகள், கிருமியோடு சேர்த்து அந்த நார்களையும் அரிக்கின்றன. எலும்பு கரைந்து கீழே இறங்குகிறது. இடுக்கு ஆழமாகி ஒரு பையாகிறது. இதை ஈற்றுப்பை என்று சொல்லலாம். அந்தக் காலத்து விளம்பரங்களில் பயோரியா என்று வந்ததும் இந்த நோய்தான். சொத்தைப் பல்போல இது தூக்கத்தைக் கெடுப்பதில்லை. சீழ் உள்ளே தேங்கி அழுத்தம் கூடினால்தான் வலிக்கும். ஈற்றுப்பையின் வாய் திறந்திருப்பதால் கசிவது கசிந்து எச்சிலோடு போய்விடுகிறது. வாய் நாற்றத்தையும், பல் நீண்டுவிட்டதுபோன்ற தோற்றத்தையும், கடைசியில் பல்லின் ஆட்டத்தையும் கவனித்தால்தான் உண்டு.

தேயிலைத் தோட்டத்தில் 480 பேர்

லோவின் இன்னொரு ஆய்வு நமக்கு நெருக்கமான மண்ணில் நடந்தது. மலையகத் தமிழர்கள் தலைமுறைகளாக உழைக்கும் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில், 480 ஆண் தொழிலாளர்களின் வாயை 1970இல் அவருடைய குழு பரிசோதித்தது. பிறகு 1985 வரை அவ்வப்போது போய்ப் பரிசோதித்தது. பல் மருத்துவம் எட்டியே பார்த்திராத இடம் என்பதால்தான் அந்தத் தோட்டங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. வைத்தியமே பார்க்காவிட்டால் ஈறு நோய் எப்படிப் போகும் என்று அறிவதுதான் நோக்கம். ஈறு நோயைப் பற்றி உலகம் இன்று அறிந்திருப்பதில் ஒரு முக்கியமான பகுதி, வசதி மறுக்கப்பட்ட அந்த மனிதர்களின் பற்களிலிருந்து வந்தது. எல்லாப் பாடநூல்களிலும் இடம்பெறும் ஆய்வு என்பதால் இதைச் சொல்லாமல் கடந்துபோக முடியவில்லை.

கிட்டத்தட்ட எல்லோர் பல்லிலும் படலமும் காரையும் மண்டிக் கிடந்தன, எல்லோருக்கும் ஈறு வீங்கியிருந்தது. ஆனால் 8 சதவீதம் பேருக்கு எலும்பு வேகமாகக் கரைந்து நடுவயதிலேயே பற்கள் விழுந்தன. 81 சதவீதம் பேருக்கு மெதுவாகக் கரைந்தது. 11 சதவீதம் பேருக்கு வீக்கத்தைத் தாண்டி ஒன்றுமே நடக்கவில்லை.

ஒரே தோட்டம், ஒரே சாப்பாடு, ஒரே மாதிரியான அழுக்கு. விளைவில் மட்டும் இத்தனை வேறுபாடு. கிருமி நெருப்பு வைக்கிறது, வீடு எவ்வளவு எரியும் என்பதை உடலின் எதிர்வினைதான் தீர்மானிக்கிறது என்ற புரிதல் இந்த ஆய்வால் வலுப்பட்டது. அந்த எதிர்வினையை மோசமான பக்கம் தள்ளும் காரணங்களில் இரண்டு மிகவும் பெரியவை. ஒன்று புகையிலை, மற்றது கட்டுப்படாத சர்க்கரை. புகையிலை இன்னொரு தீங்கும் செய்கிறது. ஈறில் ரத்தக் கசிவைக் குறைத்து, வரவேண்டிய எச்சரிக்கையை வரவிடாமல் செய்துவிடுகிறது.

ரணத்தின் பரப்பளவு

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இதற்காக ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 52, பத்து வருஷமாகச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி 8.2. கடைவாய்ப் பற்களில் சில போக, வாயில் 28 பற்கள் இருக்கின்றன. வலி கிடையாது. துலக்கும்போது கொஞ்சம் ரத்தம் வரும், அவ்வளவுதான்.

பல் மருத்துவர் அவர் வாயில் ஒரு மெல்லிய அளவுகோலை நுழைக்கிறார். நுனி மழுங்கிய கம்பி, அதில் மில்லிமீட்டர் கோடுகள். ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடத்தில் ஈறுக்குள் இறக்கி, எத்தனை கோடு மறைகிறது என்று வாய்விட்டுச் சொல்ல, உதவியாளர் எழுதிக்கொள்கிறார். இரண்டு, மூன்று, இரண்டு. ஐந்து, ஆறு, ஐந்து. 28 பல்லுக்கு 168 எண்கள். மூன்று வரை நல்ல ஈறு. நான்கோ அதற்கு மேலோ போனால் பை உருவாகிவிட்டது. கம்பியை எடுத்ததும் சில இடங்களில் ஒரு துளி ரத்தம் எட்டிப் பார்க்கிறது. அந்த இடங்களில் பையின் உள்சுவர் புண்ணாக இருக்கிறது.

நம் மனிதருக்கு 16 பற்களைச் சுற்றிச் சராசரியாக 5 மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பை இருப்பதாக வைத்துக்கொள்வோம். பல்லின் கழுத்துச் சுற்றளவு முன்பல்லுக்குக் குறைவு, கடைவாய்ப் பல்லுக்கு அதிகம். சராசரியாக 2 சென்டிமீட்டர் என்று கொள்ளலாம். ஒரு பல்லைச் சுற்றியுள்ள பையின் உள்சுவரை வெட்டி விரித்தால் 2 சென்டிமீட்டர் நீளம், அரை சென்டிமீட்டர் அகலம் கொண்ட பட்டையாக வரும். அதன் பரப்பு 1 சதுர சென்டிமீட்டர். 16 பல்லுக்கு 16 சதுர சென்டிமீட்டர். கிட்டத்தட்ட ஒரு தீப்பெட்டியின் மேல்பக்கம்.

தீப்பெட்டி அகலத்துக்குத் தோல் உரிந்து, கிருமி மொய்த்து, தொட்டால் ரத்தம் வரும் ஒரு புண் அவருடைய கணுக்காலில் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பார்கள். தினமும் கட்டு மாற்றியிருப்பார்கள். புண் ஆறும்வரை சர்க்கரை இறங்காது என்று மருத்துவரே சொல்லியிருப்பார். அதே பரப்பளவு பதினாறு துண்டாகப் பிரிந்து ஈறுக்குள் ஒளிந்திருப்பதால், மருத்துவச் சீட்டில் ஒரு வரிகூட ஏறவில்லை.

இந்தப் புண்ணிலிருந்து டிஎன்எஃப் உள்ளிட்ட அழற்சித் தூதுகள் ரத்தத்தில் கசிகின்றன. மெல்லும்போதும் துலக்கும்போதும் பாக்டீரியாக்களும் அவற்றின் நச்சுத் துணுக்குகளும் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்குள் போகின்றன. தெர்மாமீட்டரில் ஏறும் அளவுக்கு எதுவும் நடப்பதில்லை. ஆனால் காய்ச்சலில் நான்கு நாள் நடக்கும் அதே இன்சுலின் மந்தம், சிறிய அளவில் வருஷம் முழுக்க நடக்கிறது.

சர்க்கரை ஒட்டிய புரதங்கள்

தீங்கு எதிர்த் திசையிலும் போகிறது. ஈறு சர்க்கரையைக் கெடுப்பதற்கு முன்பே சர்க்கரை ஈறைக் கெடுக்கத் தொடங்கிவிடுகிறது. இதைப் புரிந்துகொள்ள மூன்று மாதச் சராசரி என்ற அந்தச் சோதனையையே கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

எச்பிஏ1சி என்று லேப் சீட்டில் வரும் அந்த எண், ரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதத்தின் மேல் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதைச் சொல்கிறது. ரத்தத்தில் சர்க்கரை கூடக்கூட அதிகமாக ஒட்டும். ஒட்டினால் அவ்வளவு சுலபத்தில் விடாது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால், இரண்டு மூன்று மாதத்துச் சர்க்கரையின் பதிவு அதில் இருக்கிறது. சோதனைக்கு முதல் நாள் பட்டினி கிடந்து இந்த எண்ணை ஏமாற்ற முடியாது.

சர்க்கரை ஹீமோகுளோபினோடு நின்றுவிடுவதில்லை. உடலில் உள்ள எந்தப் புரதத்தின் மீதும் ஒட்டும். ஈறையும் பல்லையும் பிணைக்கும் நார்கள் கொலாஜன் என்ற புரதத்தால் ஆனவை. சர்க்கரை ஒட்டிய கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து விறைத்துப்போகின்றன. பழையதை அகற்றிப் புதியதை நெய்யும் அன்றாட மராமத்து தடைப்படுகிறது. இந்தச் சர்க்கரை ஒட்டிய கழிவுப் புரதங்கள் வெள்ளையணுக்களின் மேல் உள்ள ஓர் உணரியைச் சீண்டி, தேவைக்கு மேல் அழற்சித் தூதுகளைச் சுரக்கவும் வைக்கின்றன. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எவாந்தியா லாலாவும் சகாக்களும், சர்க்கரை நோயுள்ள சுண்டெலிகளின் வாயில் ஈறு நோய்க் கிருமியைச் செலுத்தி, இந்த உணரியை மட்டும் தடுத்துப் பார்த்தார்கள். ரத்தச் சர்க்கரை இறங்கவில்லை. ஆனால் தாடை எலும்பு கரைவது குறைந்தது. அதன் முடிவை 2000இல் வெளியிட்டார்கள்.

இவற்றோடு சர்க்கரை அதிகமானால் எச்சில் வற்றும். எச்சில் குறைந்தால் படலம் இன்னும் வேகமாக மண்டும். கிருமியை விழுங்க வேண்டிய வெள்ளையணுக்களும் சோம்பிப்போகும்.

ஹிலா ஆற்றங்கரையில்

இவையெல்லாம் சோதனைச்சாலைக்கு வெளியே, மனிதர்கள் வாழ்கிற இடத்தில் உண்மையா? இதற்கு மிகத் தெளிவான சான்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஹிலா ஆற்றங்கரையில் வாழும் பீமா பழங்குடி மக்களிடமிருந்து வந்தது. பாலைவனத்தில் வாய்க்கால் வெட்டி விவசாயம் செய்துவந்தவர்கள். மேல்பகுதியில் குடியேறியவர்கள் ஆற்று நீரைத் திருப்பிக்கொண்டதால் வயலும் போய், பழைய உணவும் போய், உலகிலேயே மிக அதிகமாகச் சர்க்கரை நோய் கண்ட சமூகங்களில் ஒன்றாக ஆனார்கள். அவர்களை 1965 முதல் பல பத்தாண்டுகள் மருத்துவ ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தார்கள். அந்தப் பரிசோதனைகளில் பற்களும் சேர்ந்திருந்தது பெரிய விஷயம்.

1990இல் வந்த முடிவு, சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு எலும்பைக் கரைக்கும் ஈறு நோய் புதிதாக வருவது மற்றவர்களைவிட 2.6 மடங்கு என்றது. 1996இல் வந்த முடிவு கேள்வியைத் திருப்பிப் போட்டது. தொடக்கத்தில் சர்க்கரை ஓரளவு கட்டுக்குள் இருந்தவர்களை எடுத்துக்கொண்டு, பின்னாளில் யாருக்குக் கைமீறிப் போனது என்று பார்த்தபோது, கடுமையான ஈறு நோய் இருந்தவர்களுக்கு அந்த அபாயம் பல மடங்கு அதிகமாக இருந்தது. 2005இல் வந்தது இன்னும் கவலை தருவது. கடுமையான ஈறு நோய் உள்ள சர்க்கரை நோயாளிகள் இதய ரத்தக்குழாய் நோயாலும் சிறுநீரகக் கோளாறாலும் இறப்பது, ஈறு நோய் இல்லாத அல்லது குறைவாக உள்ள நோயாளிகளைவிட 3.2 மடங்கு.

நாம் ஆர்ஹஸிலும் தேயிலைத் தோட்டத்திலும் சந்தித்த அதே ஹரால்ட் லோ, இந்த மக்களிடம் கிடைத்த சான்றுகளையும் திரட்டி 1993இல் ஒரு கட்டுரை எழுதினார். கண், சிறுநீரகம், நரம்பு, பெரிய ரத்தக்குழாய், ஆறாத புண் என்று சர்க்கரை நோய் தரும் ஐந்து பாதிப்புகளை மருத்துவம் கணக்கில் வைத்திருந்தது. ஈறு நோயை ஆறாவதாகச் சேர்க்க வேண்டும் என்றார் லோ. எலிகளிடம் டிஎன்எஃப் ஆய்வு வெளிவந்ததும் அதே 1993தான். ஒரு துறை வாயிலிருந்தும் மற்றது கொழுப்புத் திசுவிலிருந்தும் புறப்பட்டு, ஒரே வருஷத்தில் அடுத்தடுத்த வாசல்களில் வந்து நின்றன.

ஈறுக்கு வைத்தியம் பார்த்தால் சர்க்கரை இறங்குமா?

இரண்டும் சேர்ந்து வருகின்றன என்பதாலேயே ஒன்றைச் சரிசெய்தால் மற்றது சரியாகும் என்று சொல்லிவிட முடியாது. பல்லைக் கவனிக்காதவர் உணவையும் கவனிக்காதவராக இருக்கலாம். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு அணியாகப் பிரித்து, ஓர் அணிக்கு மட்டும் ஈறு சிகிச்சை அளித்துப் பார்ப்பதுதான் நியாயமான சோதனை.

சிறு சோதனைகள் பல சாதகமாக வந்தன. 2013இல் அமெரிக்காவில் 514 பேரைக் கொண்டு நடந்த பெரிய சோதனை ஏமாற்றம் தந்தது. ஆறு மாதம் கழித்து இரு அணிக்கும் எச்பிஏ1சியில் வேறுபாடே இல்லை. சோதனையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஈறு நிபுணர்கள் அதன் விவரங்களைப் புரட்டிப் பார்த்துக் கடுமையாக ஆட்சேபித்தார்கள். சிகிச்சை முடிந்த பிறகும் பெரும்பாலான பல் பரப்புகளில் படலம் இருந்திருக்கிறது, ரத்தக் கசிவும் முழுதாக நிற்கவில்லை. புண் ஆறாதபோது சர்க்கரை இறங்கவில்லை என்று சொல்வதில் என்ன பொருள் இருக்கிறது என்று கேட்டார்கள். எனக்கும் அந்த ஆட்சேபம் நியாயமாகவே படுகிறது. அதே நேரம் சாதாரண வாழ்க்கையில் அரைகுறைச் சிகிச்சையே பலருக்கும் கிடைக்கும் என்ற எச்சரிக்கையும் அந்தச் சோதனையில் இருக்கிறது.

லண்டனில் பிரான்செஸ்கோ டயூட்டோவின் குழு 264 நோயாளிகளைக் கொண்டு 2018இல் வெளியிட்ட சோதனை இதற்குப் பதில்போல அமைந்தது. ஓர் அணிக்கு மேலோட்டமான சுத்தம் மட்டும். மற்ற அணிக்கு வேர்ப்பகுதிவரை சுத்தம், தேவைப்பட்டவர்களுக்கு ஈறு அறுவைச் சிகிச்சை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பராமரிப்பு. ஒரு வருஷ முடிவில் தீவிரச் சிகிச்சை பெற்றவர்களின் எச்பிஏ1சி மற்றவர்களைவிட 0.6 புள்ளி குறைவாக இருந்தது. மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2022இல் 35 ஆய்வுகளை, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தது. மூன்று நான்கு மாதத்தில் 0.43 புள்ளி, ஆறு மாதத்தில் 0.30 புள்ளி, ஒரு வருஷத்தில் 0.50 புள்ளி குறைகிறது என்பது அதன் முடிவு.

நம் 52 வயதுக்காரருக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். 8.2இலிருந்து 0.4 குறைந்தால் 7.8. ரத்தச் சர்க்கரைக் கணக்கில் இது அன்றாடச் சராசரி 189இலிருந்து 177க்கு வருவதற்குச் சமம். சராசரிதான் இது. ஒருவருக்கு அதிகம் குறையலாம், இன்னொருவருக்கு அசையாமலே இருக்கலாம். மாத்திரையை நிறுத்தும் அளவுக்குப் பெரிய இறக்கம் இல்லை, நிறுத்தவும் கூடாது. ஆனால் பிரிட்டனில் நடந்த புகழ்பெற்ற நீண்டகால ஆய்வில் எச்பிஏ1சி 1 புள்ளி குறைவாக இருந்தவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்றவற்றின் நுண்குழாய்ப் பாதிப்பு 37 சதவீதம் குறைவாக இருந்தது. அந்தக் கணக்கில் 0.4 அற்பமான எண் இல்லை. பிழைத்துக்கொள்ளும் பற்கள் தனி லாபம்.

வாய் எப்படி விடுபட்டது?

இத்தனை தெரிந்த பிறகும் சர்க்கரை மருத்துவர் காலைப் பார்க்கிறார், கண்ணைப் பார்க்கச் சொல்கிறார், வாயைத் திறக்கச் சொல்வது அபூர்வம். இதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. உலகின் முதல் பல் மருத்துவக் கல்லூரி 1840இல் அமெரிக்காவின் பால்டிமோரில் மருத்துவக் கல்லூரியிலிருந்து தனியாகத் தொடங்கப்பட்டது. அதே வழியில் உலகம் முழுக்க இரண்டும் தனித்தனிப் படிப்பாகவும் தனித்தனிக் கட்டடமாகவும் தனித்தனிச் சீட்டாகவும் ஆயின. 2017இல் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பும் ஐரோப்பிய ஈறு மருத்துவக் கூட்டமைப்பும் மட்ரிடில் கூடி, சர்க்கரை நோய் கண்டறியப்படும் அன்றே ஈறு பரிசோதனையும் செய்ய வேண்டும், ஆண்டுதோறும் தொடர வேண்டும் என்று பரிந்துரைத்தன.

இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொல்கிறது. தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் வீடுவீடாகச் சென்று சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். துலக்கும்போது ரத்தம் வருகிறதா, பல் ஏதும் ஆடுகிறதா என்ற இரண்டு கேள்விகளை அவர்கள் சேர்த்துக் கேட்க ஒரு ரூபாய் செலவாகாது. கேட்டால் எத்தனையோ பேரைச் சரியான இடத்துக்கு அனுப்பிவைக்கலாம்.

நாற்காலியில் நடப்பது

பல் மருத்துவரிடம் போகத் தயங்குவதற்கும் காரணங்கள் இருக்கின்றன. காரையை எடுக்கும் ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும், இடைவெளி விழும், எனாமல் போய்விடும் என்று ஊரெல்லாம் பேச்சு. எண்ணிப் பார்த்தால் இந்தப் பேச்சு எப்படி வந்தது என்று புரியும். எலும்பு கரைந்து இடம் விட்ட இடத்தைக் காரை அடைத்துக்கொண்டிருந்தது. ஈறும் வீங்கி அந்த இடத்தை மூடியிருந்தது. காரையை எடுத்து வீக்கமும் வற்றியதும், நோய் ஏற்கெனவே உண்டாக்கிய இடைவெளி வெளியே தெரிகிறது. எனாமலைக் கெடுப்பது செங்கல் பொடியும் அடுப்புக் கரியும்தான், ஸ்கேலிங் அல்ல. சில நாள் கூச்சம் இருக்கும், பிறகு அடங்கிவிடும்.

நம் மனிதருக்கு மேலோட்டமான ஸ்கேலிங் போதாது. ஈறை மரத்துப்போகச் செய்து, வாயின் ஒவ்வொரு பகுதியாக, பைக்குள் இறங்கி வேரின் மேல் உள்ள காரையைச் சுரண்டி எடுக்க வேண்டும். சில தடவை போகவேண்டியிருக்கும். காலை நேரமாக இருப்பது நல்லது. பல் வைத்தியம்தானே என்று வெறும் வயிற்றோடு போகக் கூடாது. வழக்கமான உணவையும் மாத்திரையையும் முடித்துவிட்டுத்தான் போக வேண்டும், இல்லாவிட்டால் நாற்காலியிலேயே சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். வீட்டில் தினம் இருவேளை மென்மையான பிரஷ், பற்களின் இடுக்குக்கென்று விற்கும் குட்டி பிரஷ். இரவுத் துலக்கலைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம், அதைத் தவிர்க்கக் கூடாது. அரசு மருத்துவமனைகளின் பல் பிரிவிலும் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் இந்தச் சிகிச்சையைக் குறைந்த செலவில் பெறலாம்.

ஒருமுறை சுத்தம் செய்த பையில் கிருமிக் கூட்டம் ஏறக்குறைய மூன்று மாதத்துக்குள் மறுபடி குடியேறிவிடும். அதனால்தான் ஈறு மருத்துவர் மூன்று மாதம் கழித்து வரச் சொல்கிறார். சிவப்பணுவின் ஆயுளைக் கணக்கிட்டு எச்பிஏ1சி பார்க்கச் சொல்லும் தவணையும் அதே மூன்று மாதம்தான். இரண்டையும் ஒரே வாரத்தில் வைத்துக்கொண்டு, 168 எண்கள் உள்ள ஈறுத் தாளையும் லேப் சீட்டையும் ஒரே கவரில் போட்டு இரண்டு மருத்துவர்களிடமும் காட்டலாம்.